கேலரியிலிருந்து இறங்கி வந்த தொப்பைகள்

முதலில் ஒருவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்காரர். வயது 47. உயரம் ஐந்தேமுக்கால் அடி. எடை 109 கிலோ. இடுப்புச் சுற்றளவு 118 சென்டிமீட்டர். பெல்ட்டில் இனிமேல் புதிதாக ஓட்டை போட இடமில்லை.

பெயரைக் கேட்காதீர்கள். அவருக்குப் பெயர் கிடையாது. 2011-ல் ஸ்காட்லாந்தின் 13 தொழில்முறை கால்பந்து கிளப்புகளில் எடை பார்க்க வந்து நின்ற 747 ஆண்களின் கணக்கைக் கூட்டி வகுத்தால் கிடைக்கிற சராசரி ஆள் இவர். 'சராசரியார்' என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுக்க நம்மோடு வரப்போகிறவர் இவர்தான்.

சராசரியாருக்குத் தன் எடை பிரச்னை என்பது தெரியும். டாக்டர் சொல்லியிருப்பார். மனைவி சொல்லியிருப்பார். மாடிப்படியே சொல்லியிருக்கும். கேட்டதெல்லாம் காதில் விழுந்தது, காலில் இறங்கவில்லை. ஆனால் சனிக்கிழமை பிற்பகல் தன் கிளப்பின் ஆட்டம் என்றால், குளிர், மழை பாராமல் ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு பயணத்துக்கு யாரும் அவரை உந்தித் தள்ள வேண்டியதில்லை.

'அப்படியானால் சிகிச்சையைக் கொண்டுபோய் அந்த ஸ்டேடியத்துக்குள்ளேயே வைத்தால் என்ன?' கிளாஸ்கோவில் சில ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி இது. அதற்குக் கிடைத்த விடை இன்று கனடாவின் ஐஸ் ஹாக்கி அரங்குகள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

பாதி நேரத்தில் ஒரு 'பை'

இந்த யோசனை எவ்வளவு விபரீதமானது என்பது புரிய வேண்டுமென்றால், ஸ்காட்லாந்து கால்பந்து மைதானத்தின் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பாதி நேர இடைவேளை என்றால் 'ஸ்காட்ச் பை'. கெட்டியான மாவுக் கிண்ணத்துக்குள் கொத்திய இறைச்சியை அடைத்து, மூடி, சுட்டு எடுத்தது. கையில் பிடித்தால் விரலில் கொழுப்பு வழியும். கூடவே 'போவ்ரில்' என்கிற சூடான மாட்டிறைச்சிச் சாறு. 1980-ல் செல்டிக் - ரேஞ்சர்ஸ் கிளப்புகள் மோதிய கோப்பை இறுதியாட்டம் கலவரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு ஸ்காட்லாந்து மைதானங்களில் ரசிகர்களுக்கு மது விற்கத் தடை வந்தது. பைக்கு எந்தத் தடையும் வரவில்லை.

மைதானத்துக்கு வெளியிலும் ரசிகனின் வயிறு ஸ்கோர்போர்டோடு கட்டிப்போட்டது போலத்தான் நடந்துகொள்கிறது. பியர் ஷாண்டோன், யான் கோர்னில் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-ல் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் அணி தோற்றால், மறுநாள் திங்கட்கிழமை அந்த ஊர்க்காரர்கள் உண்ணும் நிறைவுற்ற கொழுப்பு 16 சதவிகிதம் கூடுகிறது. ஜெயித்தால் 9 சதவிகிதம் குறைகிறது. அணியே இல்லாத ஊரில் எந்த மாற்றமும் இல்லை. யாரோ ஆடித் தோற்கிறார்கள், இங்கே ஒருவர் தட்டை நிரப்பிக்கொள்கிறார்.

இதயமும் அப்படித்தான். 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் பகுதி மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாள்களில் அவசர இதயச் சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்று மடங்குக்கும் மேல்.

ஆக, ரசிகனின் உடம்பைக் கெடுக்கும் இடங்களில் ஒன்று ஸ்டேடியம். அதே இடத்தில் வைத்துத்தான் அவரைத் தேற்ற முடியும் என்று ஒரு குழு நம்பியது.

வராத நோயாளி

ஸ்காட்லாந்தில் வயது வந்த ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் கூடுதல் எடை உள்ளவர்கள். ஆனால் எடைக் குறைப்பு வகுப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் ஆண்களைத் தேடத்தான் வேண்டும். இலவசமாக நடத்தினாலும், டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்தாலும், வந்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

காரணத்தை ஆண்களிடமே கேட்டார்கள். 'டயட்' என்ற சொல்லே தங்களுக்கானது இல்லை என்று தோன்றுகிறது என்றார்கள். வட்டமாக உட்கார்ந்து எடையைப் பற்றி மனம் திறந்து பேசுவது கூச்சமாக இருக்கிறது என்றார்கள். ஜிம்முக்குப் போகலாமே என்றால், அங்கே கண்ணாடி முன் நிற்கும் கட்டுடல் இளைஞர்களின் நடுவே 109 கிலோவோடு நிற்க யாருக்கு மனம் வரும்?

வெட்கம் என்பதை நாம் பெண்களின் குணமாகவே எழுதிப் பழகிவிட்டோம். நடுவயது ஆணின் வெட்கம் வெளியே தெரியாது. 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்ற வீறாப்புக்குள் ஒளிந்திருக்கும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கேட் ஹன்ட், சாலி வைக், சின்டி கிரே ஆகியோர் வேறு பல்கலைக்கழகத்தினரோடு கைகோத்து இந்த வீறாப்பைக் குறை சொல்லாமல், அதற்கு ஏற்ற ஒரு வாசலைக் கட்டினார்கள். உணவு குறித்த அறிவுக்கு டண்டீ பல்கலைக்கழகத்தின் ஆனி ஆண்டர்சன், நடைப்பயிற்சிக்கு நானெட் மியூட்ரி என்று அந்தந்தத் துறைக்காரர்கள் உடன் இருந்தார்கள். 2010-ல் ஸ்காட்லாந்து பிரீமியர் லீக் கிளப்புகளில் முதல் வெள்ளோட்டம் நடந்தது. திட்டத்தின் பெயர் 'ஃபுட்பால் ஃபேன்ஸ் இன் டிரெயினிங்'. சுருக்கமாக 'எஃப்ஃபிட்'. பெயரில் எடையும் இல்லை, டயட்டும் இல்லை. 'ரசிகர்கள் பயிற்சியில் இருக்கிறார்கள்', அவ்வளவுதான். சீசனுக்கு முன் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்குப் போவதில்லையா, அதுபோல.

சுரங்கப்பாதை வழியே

ஆய்வின் விதிமுறை எளிமையானது. வயது 35-லிருந்து 65-க்குள். உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ, 28 அல்லது அதற்கு மேல். கட்டணம் கிடையாது. வாரத்துக்கு ஒருநாள், ஒன்றரை மணி நேரம், 12 வாரங்கள். இடம்: உங்கள் கிளப்பின் சொந்த மைதானம்.

சராசரியார் இத்தனை ஆண்டுகளாகக் கேலரியில் உட்கார்ந்து பார்த்த மைதானத்துக்குள் முதன்முறையாகக் கீழிருந்து நுழைகிறார். ஆட்டக்காரர்கள் ஓடிவரும் சுரங்கப்பாதை. அவர்கள் உடை மாற்றும் அறை. புல்தரையின் ஓரம். காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத இடங்கள் அவை. தொப்பை இருக்கிற ஒரே தகுதியில் இப்போது அவருக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. கையில் கிளப்பின் சின்னம் போட்ட டி-ஷர்ட் கொடுக்கிறார்கள். பழைய ஆட்டக்காரர் யாராவது ஒருநாள் எட்டிப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்.

வகுப்பு எடுப்பவர் வெள்ளை கோட்டு போட்ட டயட்டீஷியன் இல்லை, கிளப்பின் சமூகப் பயிற்சியாளர். வழக்கமாக அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர். ஆராய்ச்சிக் குழு அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துக் கையேட்டையும் தந்திருக்கிறது. பாடத்தை எழுதியது பல்கலைக்கழகம், பேசும் குரல் கிளப்புடையது.

முதல் பாதி உட்கார்ந்து பேசுவது, அடுத்த பாதி உடற்பயிற்சி. தொடக்க வாரங்களில் பேச்சு அதிகம். வாரம் ஏற ஏற ஓட்டம் அதிகம். எடுத்த எடுப்பில் யாரையும் ஓடவிடுவதில்லை. முதல் ஆயுதம் பெடோமீட்டர், அடியெண்ணும் சின்னக் கருவி. இடுப்பில் மாட்டிக்கொண்டு முதல் வாரம் எத்தனை அடி நடக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆரம்பப் புள்ளி. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பந்து யார் வசம் எத்தனை சதவிகிதம், கோலை நோக்கி எத்தனை ஷாட் என்றெல்லாம் புள்ளிவிவரத்திலேயே ஊறியவர்களுக்குத் தங்கள் காலடியும் ஒரு புள்ளிவிவரமாகிவிட்டது. பிற்பாடு நடந்த பேட்டிகளில் இந்த நடைப்பயிற்சியைப் பலரும் உயர்வாகச் சொன்னார்கள்.

சாப்பாட்டில் எதையும் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு உடம்பு செலவழிப்பதைவிட சுமார் 600 கிலோகலோரி குறைவாகச் சாப்பிடத் திட்டம். தட்டின் அளவு, சர்க்கரை பானம், பியர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தாங்களே கண்டுபிடிக்க வைத்தார்கள். பையை விடாதே, எண்ணிக்கையைக் குறை. பியரை விடாதே, கிளாஸைக் குறை. வாரம் ஒரு சின்ன இலக்கு. அதை எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். 'இனி நிறைய நடப்பேன்' என்று மொட்டையாகச் சொன்னால் செல்லாது. 'ஆபீஸுக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பேன்' என்பது இலக்கு.

ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அது கட்டுக்குள் வரும்வரை கடும் பயிற்சி கிடையாது.

கலாய்ப்பு என்னும் மருந்து

இந்த வகுப்புகளில் மௌனம் குறைவு. ஒருவரை ஒருவர் விடாமல் கலாய்ப்பார்கள். போன வாரத் தோல்வி, கோல்கீப்பர் விட்ட பந்து, கூடவே எதிரில் நிற்பவரின் வயிறு. பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் இதைத் தடுக்கவில்லை. இதை ஒரு கருவியாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

கிண்டல் எப்படி மருந்தாகும்? அறையில் ஒருவருக்கு மட்டும் தொப்பை இருந்து மற்றவர்கள் சிரித்தால் அது அவமானம். அத்தனை பேருக்கும் தொப்பை இருக்கும் அறையில் அந்தச் சிரிப்பு வேறு. 'நம்மைப் போலத்தான் இவனும்' என்ற நிம்மதி அதில் இருக்கிறது. நாலு வாரம் சேர்ந்து சிரித்த பிறகு, ஐந்தாவது வாரம் ஒருவர் தன் சர்க்கரை நோயைப் பற்றியோ, தன் அப்பா மாரடைப்பில் போனதைப் பற்றியோ வாய் திறக்க முடிகிறது. நேரடியாகக் கேட்டிருந்தால் வராத பேச்சு, கால்பந்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேருகிறது.

ஆய்வாளர்கள் இதை மூன்று சொற்களில் அடக்கினார்கள்: இடம், பாடம், நடை. இடம் ஆண்கள் விரும்பும் இடம். பாடத்தில் பியரும் பெல்ட் அளவும் உண்டு. சொல்லும் நடை, சக ரசிகனோடு பேசும் நடை. மூன்றையும் ஆணுக்கு ஏற்றபடி தைத்துக் கொடுத்தார்கள். துணி மட்டும் உலகெங்கும் உள்ள அதே துணி. குறைவாகச் சாப்பிடு, அதிகமாக நட, எழுதி வைத்துக் கவனி. எஃப்ஃபிட்டில் புதிய மருத்துவ ரகசியம் எதுவும் கிடையாது.

பரீட்சை முடிவு

இதுபோன்ற திட்டங்கள் உலகம் முழுக்க ஆயிரம் உண்டு. முதல் நாள் போட்டோ, கடைசி நாள் போட்டோ, நடுவில் கைதட்டல். எஃப்ஃபிட் அங்கே நிற்கவில்லை. ஒரு புது மருந்தைச் சோதிப்பது போலவே தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டது.

மேட்ச் நாளில் மைதான வாசலில் நின்று பேசியும், கிளப் இணையதளத்தில் அறிவித்தும், வாய்வழிச் செய்தியாகவும் ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி உடனே பயிற்சியில் சேர்ந்தது. மறு பாதிக்கு ஒரு கையேடு, கூடவே 'ஓராண்டு கழித்து உங்களுக்கும் இடம் நிச்சயம்' என்ற உறுதி. 12 மாதம் கழித்து இரு தரப்பையும் எடை போட்டார்கள். பயிற்சி பெற்றவர்களில் 89 சதவிகிதம் பேரும், காத்திருந்தவர்களில் 95 சதவிகிதம் பேரும் திரும்பி வந்தார்கள். எடைக் குறைப்பு ஆய்வுகளில் ஆண்கள் பாதியில் காணாமல்போவார்கள் என்ற பேச்சுக்கு அந்த எண்களே பதில்.

2014 ஜனவரியில் 'தி லான்செட்' மருத்துவ இதழ் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் சராசரியாக 5.56 கிலோ இறங்கியிருந்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்கள் 0.58 கிலோ. மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு இரு தரப்புக்கும் இடையே 4.94 கிலோ வித்தியாசம். எடையில் குறைந்தது 5 சதவிகிதத்தைக் குறைத்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றில் பலன் தெரியும் என்பது மருத்துவக் கணக்கு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 39 சதவிகிதம், மறு தரப்பில் 11 சதவிகிதம். இடுப்புச் சுற்றளவு 7 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தது. சராசரியாரின் பெல்ட்டில் பழைய ஓட்டைகளுக்கு மறுபடி வேலை வந்தது.

பாதிப்பே இல்லாமல் நடந்துவிடவில்லை. பயிற்சியோடு தொடர்புபடுத்தப்பட்ட கடுமையான உடல்நலச் சம்பவங்கள் இரண்டு: ஒருவருக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டி வந்தது, ஒருவருக்குக் குதிகால் தசைநாண் கிழிந்தது.

செலவுக் கணக்கையும் போட்டார்கள். பிரிட்டனில் ஒரு சிகிச்சைக்கு அரசுப் பணத்தைச் செலவழிக்கலாமா என்று பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. ஓர் ஆண்டு நல்ல ஆரோக்கியத்தைக் கூடுதலாகத் தர எவ்வளவு ஆகிறது என்பது கேள்வி. 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஏற்கத்தக்கது என்பது அன்றைய நடைமுறை. எஃப்ஃபிட்டுக்கு ஆனது 13,847 பவுண்டு.

களத்தில் ஜென்மப் பகையாளிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டு கிளப்புகளும் இந்தத் திட்டத்தில் ஒரே பாடத்தைத்தான் நடத்தின. பச்சைச் சட்டைக்கும் நீலச் சட்டைக்கும் தராசு ஒன்றே.

ஐஸிலும் ஓவலிலும்

வெற்றி தெரிந்ததும் மற்ற நாடுகள் தங்கள் ஊர்ப் பித்துக்கு ஏற்ப இதை மாற்றி எடுத்துக்கொண்டன. கனடாவில் கால்பந்து செல்லாது, அங்கே ஐஸ் ஹாக்கிதான் மதம். ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நைட்ஸ், சார்னியா ஸ்டிங் என்ற இரண்டு ஜூனியர் ஹாக்கி கிளப்புகளின் ரசிகர்கள் 80 பேரை வைத்து முதல் சோதனை நடந்தது. 12 வாரத்தில், காத்திருந்தவர்களைவிட 3.6 கிலோ கூடுதலாக இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஓவல் மைதானத்தில் ஆடப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஃப்ரிமேன்டில், வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் என்ற இரு போட்டி கிளப்புகளும் 130 ரசிகர்களுக்கு வாசலைத் திறந்தன. மூன்று மாதத்தில் 3.3 கிலோ வித்தியாசம். நியூஸிலாந்து, ரக்பி வழியே முயன்றது. ஸ்காட்லாந்திலேயே, இதே சிந்தனையைச் சிறைச்சாலை உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தார்கள்.

பெரிய முயற்சி 'யூரோஃபிட்'. இங்கிலாந்து, நெதர்லாந்து, நார்வே, போர்ச்சுகல் என நான்கு நாடுகளின் 15 கிளப்புகள், 1,113 ஆண்கள். ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, பென்ஃபிகா, போர்ட்டோ போன்ற பெரிய பெயர்கள். இதன் குறி எடை மட்டும் இல்லை: அதிகம் நடக்க வைப்பது, உட்காரும் நேரத்தைக் குறைப்பது. 2019-ல் முடிவு வந்தது. ஓராண்டுக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 678 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். உட்காரும் நேரம் அசையவில்லை. ஆணை எழுப்பி நடக்க வைக்கலாம். நடந்து முடித்ததும் அவர் திரும்பி வருவது அதே சோபாவுக்குத்தான்.

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஷனஹன் என்ற பத்திரிகையாளர் இதற்குப் பக்கத்து வழி ஒன்றைப் பிடித்தார். 'மேன் வெர்சஸ் ஃபேட்' என்ற அவரது கால்பந்து லீகில் கூடுதல் எடை உள்ள ஆண்கள் மட்டுமே ஆடலாம். ஆட்டத்துக்கு முன் தராசில் ஏற வேண்டும். அணியினர் அந்த வாரம் குறைத்த எடையும் கோலாகக் கணக்கில் சேரும். களத்தில் தோற்ற அணி தராசில் ஜெயித்துவிடலாம். ஞாயிறு ராத்திரி கூடுதலாக ஒரு பீட்சாவை எடுக்கக் கை நீளும்போது, 'டீமைக் காட்டிக்கொடுக்கிறோமோ' என்று அந்தக் கை தயங்கும். தனக்காகச் செய்யாததை டீமுக்காகச் செய்வது ஆண்களின் பழைய பலவீனம். இங்கே அது பலம்.

கசப்பான பக்கம்

எடைக் குறைப்பில் கஷ்டமான பகுதி குறைப்பது இல்லை, குறைத்ததைக் காப்பது. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்து ரசிகர்களுக்கும் விலக்கு அளிக்கவில்லை. மூன்றரை ஆண்டுகள் கழித்து அதே ஆண்களைத் தேடிப் பிடித்து எடை பார்த்தபோது, முதல் குழுவினர் தொடங்கிய எடையைவிடச் சராசரியாக 2.90 கிலோ குறைவாக இருந்தார்கள். அதாவது, இறங்கியதில் ஏறக்குறையப் பாதி திரும்பி ஏறிவிட்டது. 5 சதவிகிதக் கோட்டுக்குக் கீழே நிலைத்து நின்றவர்கள் 32 சதவிகிதம்.

இதைத் தோல்வி என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பயிற்சி 12 வாரம்தான். அதன்பின் சில மின்னஞ்சல்கள், ஒருமுறை பழைய கூட்டாளிகளின் சந்திப்பு, அவ்வளவே. மூன்றரை ஆண்டுக்குப் பிறகும் மூன்றில் ஒருவரிடம் பலன் தங்கியிருக்கிறது. இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் இருக்கிறது. காத்திருந்த இரண்டாம் குழுவினர் ஓராண்டுக்குப் பின், ஆய்வின் கண்காணிப்பு இல்லாமல், கிளப்புகளே வழக்கமாக நடத்திய வகுப்புகளுக்குப் போனார்கள். அவர்களும் சராசரியாக 2.71 கிலோ குறைந்திருந்தார்கள். பேராசிரியர்கள் பார்க்காதபோதும் வேலை நடக்கிறது.

சராசரியார் என்பவரே ஒரு மாயை என்பதையும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 5.56 கிலோ என்பதற்குள் இருபது கிலோ இறங்கியவரும் உண்டு, ஏறியவரும் உண்டு. விளையாட்டுப் பித்தே இல்லாத ஆணுக்கு இந்த வாசலால் பயனில்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர்கள். ஸ்காட்லாந்தில் பலித்தது அப்படியே எங்கும் பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு

அப்படியானால் இந்தக் கதை நமக்கு எதற்கு? ஓர் எண்ணுக்காக. எஃப்ஃபிட் ஆய்வில் சேர பி.எம்.ஐ 28 இருக்க வேண்டியிருந்தது. ஐந்தேமுக்கால் அடி உயரக்காரர் ஒருவர் 86 கிலோவைத் தொட்டால்தான் அங்கே வாசல் திறந்தது. தெற்காசிய உடம்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் 23-லேயே எச்சரிக்கிறார்கள், 25-ஐ உடல்பருமன் என்கிறார்கள். அதே உயரத்துக்கு 25 என்பது சுமார் 77 கிலோ. அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடியவர், இங்கே உடல்பருமன் உள்ளவர்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 37 சதவிகித ஆண்களுக்கு பி.எம்.ஐ 25 அல்லது அதற்கு மேல். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் சென்னை அணியின் மஞ்சள் சட்டையோடு நிற்கும் கூட்டத்தைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த 37 சதவிகிதம் கண்ணுக்குத் தெரியும். அவர்களில் பலரை ஓர் ஆஸ்பத்திரி முகாமுக்கு அழைத்தால் வரமாட்டார்கள். 'சேப்பாக்கம் டிரெஸ்ஸிங் ரூமில் 12 வாரம் வகுப்பு' என்று அறிவித்தால் விடியற்காலையில் வரிசை நிற்கும்.

கிளாஸ்கோவின் பாடம் இதுதான். நடுவயது ஆணுக்கு அறிவுரை தட்டுப்பாடு இல்லை. தலைகுனியாமல் உள்ளே நுழைய ஒரு வாசல்தான் இல்லை. அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார். மைதானங்களைக் கையில் வைத்திருக்கும் கிளப்புகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆட்டமில்லாத மாதங்களில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கதவுகளை, வாரம் ஒருநாள் மாலை, உங்கள் ரசிகர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த மேட்ச்சுக்கு டி.வி-யைப் போடுவதற்கு முன், தையல்காரரின் அளவு நாடா ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள், அங்கே அம்பயர் யாரும் இல்லை. 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், டாஸ் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். இனி உங்கள் இன்னிங்ஸ்.